வீடு நம்முடையது, நிலம் கோவிலுடையது: அடிமனைக் குத்தகை முடிந்தால் என்ன ஆகும்?

செங்கல் வாங்கியது குடும்பம். கொத்தனாருக்குக் கூலி கொடுத்தது குடும்பம். வீட்டு வரியும் மின் கட்டணமும் கட்டுவது அதே குடும்பம். ஆனால் வீடு நிற்கிற தரை மட்டும் கோவிலுக்குச் சொந்தம். தமிழ்நாட்டின் பழைய கோவில் ஊர்களில் இப்படி வாழும் குடும்பங்கள் ஏராளம்.

இந்து சமய அறநிலையத் துறையின் கட்டுப்பாட்டில் உள்ள கோவில்களுக்கு ஏறக்குறைய 4.78 லட்சம் ஏக்கர் நிலம் இருப்பதாகத் துறையின் கொள்கை விளக்கக் குறிப்புகள் சொல்கின்றன. வயல், தோப்பு போக, 33 ஆயிரத்துக்கும் மேற்பட்ட மனைகளும் 22 ஆயிரத்துக்கும் மேற்பட்ட கட்டடங்களும் அந்தக் கணக்கில் வருகின்றன.

தூத்துக்குடியில் இருந்து திருச்செந்தூர் போகும் வழியில், தாமிரபரணிக் கரையில் இருக்கும் ஆத்தூர் போன்ற ஊர்களில் குத்தகை என்றதும் நினைவுக்கு வருவது வயலும் வெற்றிலைக் கொடிக்காலும்தான். ஆனால் ஒரு குடும்பத்தையே அசைத்துப் பார்க்கும் கேள்வி மனைக் குத்தகையில்தான் இருக்கிறது. தாத்தா பெயரில் போட்ட குத்தகை எப்போதோ முடிந்துபோயிருக்கும். வீட்டில் யாருக்கும் அது தெரிந்திருக்காது. ஒருநாள் நோட்டீஸ் வந்த பிறகுதான், "மூணு தலைமுறையா இருக்கோமே, இது எங்க வீடு இல்லையா?" என்ற கேள்வி எழும்.

இதற்குச் சட்டம் என்ன பதில் சொல்கிறது? குத்தகையை நீட்டிக்க முடியுமா? நிலத்தை விலைக்கு வாங்க முடியுமா? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

முதலில், இது எந்த 'லீஸ்'?

தமிழ்நாட்டில் 'லீஸுக்கு வீடு' என்று சொன்னால் பெரும்பாலும் ஒத்திதான் அர்த்தம். சில லட்சங்களை வீட்டுக்காரரிடம் மொத்தமாகக் கொடுத்து, வாடகை இல்லாமல் குடியிருந்து, காலி செய்யும்போது பணத்தைத் திருப்பி வாங்கிக்கொள்வது. இங்கே பேசப்படுவது அது இல்லை.

இது அடிமனைக் குத்தகை. சில ஊர்களில் தரை வாடகை என்பார்கள். நிலத்தைக் கோவில் வாடகைக்கு விடும். அதன் மேல் வீட்டைக் குடியிருப்பவர் தன் செலவில் கட்டிக்கொள்வார். மாதத்துக்கோ, வருடத்துக்கோ நிலத்துக்கு மட்டும் வாடகை கட்டுவார். இந்தக் கணக்கை ஜூலையில் தொடங்கி ஜூனில் முடியும் பசலி ஆண்டுப்படி வைப்பது கோவில்களின் வழக்கம்.

கோவிலே கட்டிய வீட்டில் வாடகைக்கு இருப்பவர்களின் நிலை வேறு. அங்கே கட்டடமும் கோவிலுடையது. கொடிக்கால், வயல் குத்தகையும் வேறு. 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற ஆத்தூர் வெற்றிலை விளைகிற நிலமாக இருந்தாலும் சரி, நெல் வயலாக இருந்தாலும் சரி, அறக்கட்டளைகளுக்கும் கோவில்களுக்கும் சொந்தமான விவசாய நிலத்தில் குத்தகைதாரர் உரிமையைப் பேசுவதற்கு 1961-ஆம் ஆண்டின் தனிச் சட்டம் ஒன்று இருக்கிறது. வயலுக்கு ஒரு சட்டம் கொடுக்கும் பாதுகாப்பு வீட்டு மனைக்கும் அப்படியே வரும் என்று நினைப்பது தவறு.

நிலம் ஒருவருக்கு, வீடு இன்னொருவருக்கு: இது செல்லுமா?

செல்லும். நிலம் யாருடையதோ, அதன் மேல் கட்டியதும் அவருடையதே என்ற இங்கிலாந்து வழக்கம் இந்தியாவில் அப்படியே பொருந்தாது. நிலத்துக்கு ஒருவரும் கட்டடத்துக்கு வேறொருவரும் உரிமையாளராக இருக்கலாம் என்பதை 1958-லேயே உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் ஏற்றுக்கொண்டிருக்கிறது. 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டமும், குத்தகைதாரர் தான் நிலத்தில் எழுப்பியதை அகற்றிக்கொள்ளலாம் என்கிறது.

கேட்க நன்றாக இருக்கும். ஆனால் கான்கிரீட் வீட்டை யாரால் பெயர்த்து எடுத்துக்கொண்டு போக முடியும்? கட்டடத்துக்கு உரிமை இருந்தும், அது நிற்கும் தரைக்கு உரிமை முடிந்துவிட்டால் கையில் மிஞ்சுவது செங்கல் விலைதான். அதனால்தான் குத்தகை உயிரோடு இருக்கிறதா இல்லையா என்பது இங்கே எல்லாவற்றையும் விட முக்கியம் ஆகிறது.

அந்த 5 ஆண்டு கணக்கு

கோவில் சொத்துகளைக் கையாள்வதற்கான அடிப்படைச் சட்டம், 1959-ஆம் ஆண்டின் தமிழ்நாடு இந்து சமய அறநிலையக் கொடைகள் சட்டம். இதில் 34-ஆவது பிரிவுதான் குத்தகையின் ஆணிவேர்.

கோவில் நிலத்தை விற்பது, அடமானம் வைப்பது, பரிமாற்றம் செய்வது, 5 ஆண்டுகளுக்கு மேல் குத்தகைக்கு விடுவது ஆகியவற்றில் எதைச் செய்ய வேண்டும் என்றாலும் அறநிலையத் துறை ஆணையரின் அனுமதி வேண்டும். அது கோவிலுக்கு அவசியம் அல்லது நன்மை தருவது என்று ஆணையர் முடிவு செய்ய வேண்டும். அதற்கு முன் விவரங்களை வெளியிட்டு, பொதுமக்களிடம் ஆட்சேபம் கேட்டு, அதைப் பரிசீலிக்க வேண்டும். இது எதுவும் இல்லாமல் போட்ட ஒப்பந்தம் செல்லாது.

அதாவது, அறங்காவலரோ செயல் அலுவலரோ ஆணையரிடம் போகாமல் கொடுக்கக்கூடிய அதிகபட்சக் காலம் 5 ஆண்டு. 'சரி, 5 ஆண்டுக்குப் போட்டுவிட்டு, முடிந்ததும் இன்னொரு 5 ஆண்டு நீட்டிக்கலாம் என்று ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளலாமே' என்று தோன்றலாம். அந்த வாசலையும் சட்டம் அடைத்துவைத்திருக்கிறது. நீட்டிப்பையும் சேர்த்தால் மொத்தக் காலம் 5 ஆண்டைத் தாண்டும் என்றால், அது 5 ஆண்டுக்கு மேற்பட்ட குத்தகையாகவே கருதப்படும் என்று 34-ஆவது பிரிவின் விளக்கம் சொல்கிறது. அதற்கும் ஆணையரின் அனுமதி தேவை.

இதன் நடைமுறை அர்த்தம் ஒன்றுதான். கோவில் மனையில் குத்தகை நீட்டிப்பு என்பது குடியிருப்பவர் கேட்டுப் பெறும் உரிமை இல்லை. ஒவ்வொரு முறையும் புதிதாக வாங்க வேண்டிய அனுமதி.

குத்தகை முடிந்துவிட்டால்?

"நோட்டீஸ் எதுவும் வரலையே, வாடகையும் வாங்கிட்டுத்தானே இருக்காங்க" என்று பலர் நிம்மதியாக இருந்துவிடுகிறார்கள். தனியார் வீடுகளில் இந்த வாதத்துக்கு ஓரளவு இடம் உண்டு. காலம் முடிந்த பிறகும் உரிமையாளர் வாடகையை ஏற்றுக்கொண்டால், குத்தகை தொடர்வதாகக் கருதச் சொத்து மாற்றுச் சட்டம் வழி வைத்திருக்கிறது.

கோவில் நிலத்தில் அந்த வழி குறுகியது. அறநிலையச் சட்டத்தின் 78-ஆவது பிரிவு 'ஆக்கிரமிப்பாளர்' என்ற சொல்லுக்குக் கொடுக்கும் விளக்கத்தில், குத்தகை முடிந்த பிறகும், ரத்து செய்யப்பட்ட பிறகும் சொத்தில் தொடர்ந்து இருப்பவரும் வருகிறார். நேற்றுவரை வாடகைதாரராக இருந்தவர், ஒப்பந்தத் தேதி தாண்டியதும் சட்டத்தின் பார்வையில் ஆக்கிரமிப்பாளர் ஆகிவிடலாம்.

அதற்காக மறுநாளே வீட்டைப் பூட்டிவிட முடியாது. இணை ஆணையர் விளக்கம் கேட்டு நோட்டீஸ் தர வேண்டும், விசாரிக்க வேண்டும், அதன் பிறகே வெளியேற்றும் உத்தரவு. வாடகை கட்டவில்லை என்று குத்தகையை ரத்து செய்வதற்கும், முதலில் தன் தரப்பைச் சொல்ல வாய்ப்புத் தர வேண்டும் என்கிறது 34-பி பிரிவு.

கவனிக்க வேண்டிய இன்னொரு விஷயம், ரசீதில் இருக்கும் ஒரு சொல். குத்தகை நடப்பில் இருந்தால் 'வாடகை' என்று ரசீது வரும். இல்லை என்றால், இடத்தைப் பயன்படுத்தியதற்கான 'இழப்பீடு' அல்லது பயன்பாட்டுத் தொகை என்ற பெயரில் பணம் வரவு வைக்கப்படலாம். இரண்டும் ஒன்று இல்லை. முதலாவது, கோவில் ஒருவரை வாடகைதாரராக ஏற்றுக்கொண்டதற்குச் சான்று. இரண்டாவது, ஏற்றுக்கொள்ளவில்லை என்பதற்குச் சான்று.

சரி, 50, 60 வருடம் குடியிருந்தால் அனுபவ பாத்தியம் வராதா? வராது. கோவில் சொத்தை மீட்கக் கோவில் போடும் வழக்குக்குக் காலவரையறைச் சட்டம் பொருந்தாது என்று 109-ஆவது பிரிவு சொல்லிவிட்டது. எத்தனை தலைமுறை கடந்தாலும் நிலம் கோவிலுடையதுதான்.

வாடகையை எப்படிப் போடுகிறார்கள்?

2003-இல் கொண்டுவந்த திருத்தத்தில் 34-ஏ என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. அதன்படி வாடகையை முடிவு செய்வது ஒரு குழு. இணை ஆணையர், கோவிலின் செயல் அலுவலர் அல்லது அறங்காவலர், பதிவுத் துறையின் மாவட்டப் பதிவாளர் ஆகியோர் அதில் இருப்பார்கள். அந்த வட்டாரத்தில் நிலவும் சந்தை வாடகையைக் கணக்கில் எடுத்து நிர்ணயித்து, 3 ஆண்டுக்கு ஒருமுறை மறுநிர்ணயம் செய்ய வேண்டும்.

எந்த விகிதத்தில்? 2007 நவம்பரில் வந்த அரசாணை எண் 456, மனையின் மதிப்பில் குடியிருப்புக்கு மாதம் 0.1 சதவீதம், வணிகப் பயன்பாட்டுக்கு 0.3 சதவீதம் என்ற கணக்கைக் காட்டியது. 3 ஆண்டுக்கு ஒருமுறை 15 சதவீத உயர்வு.

ஒரு உதாரணம் போட்டுப் பார்க்கலாம். 800 சதுர அடி மனை. சதுர அடிக்கு மதிப்பு 500 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், மனையின் மதிப்பு 4 லட்சம். அதில் 0.1 சதவீதம் என்றால் மாதம் 400 ரூபாய். 3 ஆண்டு கழித்து 460. அதற்கு அடுத்த 3 ஆண்டில் 529. இது தாங்க முடியாத தொகை இல்லை.

பிரச்சினை வருவது இரண்டு இடங்களில்.

ஒன்று, பழைய தேதியில் இருந்து கணக்கிடும்போது. அதே குடும்பம் இதுவரை மாதம் 50 ரூபாய்தான் கட்டிவந்தது என்று வைத்துக்கொள்வோம். புதிய வாடகை 5 ஆண்டுக்கு முன்பிருந்தே அமல் என்றால், மாதத்துக்கு 350 ரூபாய் வித்தியாசம். 60 மாதத்துக்கு 21,000 ரூபாய். ஒருநாளும் வாடகை பாக்கி வைக்காத குடும்பம் கூட ஒரே நோட்டீஸில் நிலுவைதாரர் ஆகிவிடும்.

இரண்டு, நிலத்தின் மதிப்பே மாறும்போது. தமிழ்நாடு அரசு 2017 ஜூனில் வழிகாட்டி மதிப்பை 33 சதவீதம் குறைத்தது. 2024 ஜூலை 1 முதல் புதிய மதிப்புகள் நடைமுறைக்கு வந்தன. நெடுஞ்சாலையும் தொழிற்சாலையும் வந்து சுற்றுப்புற நில மதிப்பு இரண்டு மடங்கானால், மேலே சொன்ன 400 ரூபாய் 800 ஆகிவிடும். குடும்பத்தின் வருமானம் அந்த வேகத்தில் ஏற வேண்டும் என்று கட்டாயம் இல்லையே.

அதனால் நோட்டீஸ் வந்தால், எந்த அரசாணைப்படி, எந்தத் தேதியில் இருந்து, எந்த மதிப்பை வைத்து, எத்தனை சதுர அடிக்குக் கணக்குப் போட்டிருக்கிறார்கள் என்ற நான்கையும் பார்க்க வேண்டும். வீட்டு முன்பக்கத்தில் சின்னப் பெட்டிக்கடை இருந்தாலும், மனை முழுவதற்கும் வணிக விகிதம் போட்டிருக்கிறதா என்பதும் பார்க்க வேண்டிய விஷயம்.

மேல்முறையீடு செய்யலாமா?

செய்யலாம். ஆனால் கெடு குறைவு. வாடகை நிர்ணய உத்தரவு கிடைத்த 30 நாளுக்குள் அறநிலையத் துறை ஆணையரிடம் மேல்முறையீடு செய்ய வேண்டும். ஆணையர் முடிவிலும் திருப்தி இல்லை என்றால் 90 நாளுக்குள் உயர் நீதிமன்றத்தில் சீராய்வு மனு போடலாம்.

இதில் ஒரு நிபந்தனை இருக்கிறது. நிர்ணயித்த தொகையைக் கோவில் கணக்கில் கட்டிவிட்டு, அதற்கான சான்றோடுதான் மனு போட முடியும். 'கணக்கு தப்பு, அதனால் கட்ட மாட்டேன்' என்று சொல்லிக்கொண்டு மேல்முறையீட்டுக்குப் போக முடியாது. முதலில் கட்ட வேண்டும், பிறகு வாதாட வேண்டும். தீர்ப்பு சாதகமாக வந்தால் கட்டிய பணத்தை வாடகையில் சரிக்கட்டிக்கொள்வார்கள். கையில் காசு இல்லாத குடும்பத்துக்கு, உரிமை இருந்தும் கதவு அடைபடுவது இந்த இடத்தில்தான்.

நிலத்தை விலைக்கு வாங்கிவிட முடியாதா?

ஒரு காலத்தில் அதற்கு வழி இருந்தது. 1921-ஆம் ஆண்டின் நகர வாடகைதாரர் பாதுகாப்புச் சட்டம் முதலில் சென்னைக்காக வந்தது, பிறகு வேறு நகரங்களுக்கும் விரிந்தது. அடுத்தவர் நிலத்தில் வாடகைக்கு இருந்து வீடு கட்டியவரைக் காலி செய்யச் சொன்னால், கட்டடத்துக்கு இழப்பீடு தர வேண்டும் என்றது அந்தச் சட்டம். அதன் 9-ஆவது பிரிவு இன்னும் ஒரு படி மேலே போய், நிலத்தைத் தனக்கே விற்கும்படி நீதிமன்றத்தில் கேட்கும் உரிமையைக் கொடுத்தது.

கோவில் நிலங்களுக்கு அந்தக் கதவு 1996-இல் மூடப்பட்டது. அந்த ஆண்டின் 2-ஆவது திருத்தச் சட்டம், சமய நிறுவனங்களின் நிலங்களை இந்தப் பாதுகாப்பில் இருந்து விலக்கியது. நிலுவையில் இருந்த வழக்குகளும் அதோடு முடிந்துபோயின. இதை எதிர்த்து, சென்னையில் கோவில் நிலத்தில் இருந்த மயிலாப்பூர் கிளப் உச்ச நீதிமன்றம் வரை போனது. 2005-இல் உச்ச நீதிமன்றம் திருத்தம் செல்லும் என்று தீர்ப்பளித்தது. நூற்றாண்டுப் பழமை கொண்ட ஒரு கிளப்புக்கும், இரண்டு சென்ட் மனையில் ஓட்டு வீடு போட்ட குடும்பத்துக்கும் அன்று முதல் சட்டத்தில் ஒரே நிலைதான்.

அடுத்த முயற்சி 2019-இல் வந்தது. ஆகஸ்ட் 30-ஆம் தேதி வெளியான வருவாய்த் துறை அரசாணை எண் 318, நீண்டகாலமாகக் குடியிருப்பவர்களின் வீட்டு மனைகளை வரன்முறை செய்யும் திட்டத்தில் கோவில் நிலங்களையும் சேர்த்தது. அரசு விலை கொடுத்து வாங்கிக் குடியிருப்பவர்களுக்குக் கொடுக்கும் என்ற யோசனை. அதை எதிர்த்து வழக்கு வந்தது. சென்னை உயர் நீதிமன்றம் கோவில் நிலங்களைப் பொறுத்தவரை தடை விதித்தது. தேர்தல் நேரத்தில் 'கோவில் நிலத்துக்குப் பட்டா' என்ற வாக்குறுதி காதில் விழும்போது இந்த வரலாற்றையும் சேர்த்தே கேட்க வேண்டும்.

விற்கலாமா, கடன் வாங்கலாமா?

பதிவுச் சட்டத்தில் தமிழ்நாடு சேர்த்த 22-ஏ பிரிவு 2016 அக்டோபர் 20 முதல் நடைமுறையில் இருக்கிறது. உரிய அனுமதி இல்லாமல் கோவில் சொத்து தொடர்பான பத்திரத்தைச் சார்பதிவாளர் பதிவு செய்ய மறுக்க வேண்டும். அதனால் அவசரத்துக்கு வீட்டை விற்க நினைத்தால் முறையான கிரயம் நடக்காது. வெள்ளைத் தாளில் எழுதி 'சாவியை மட்டும்' கைமாற்றும் பழக்கம் இங்கிருந்துதான் தொடங்குகிறது. பணம் கொடுத்து வாங்கியவர் பெயர் கோவில் பதிவேட்டில் இருக்காது. கோவிலைப் பொறுத்தவரை அவர் யார் என்றே தெரியாது.

வங்கிக் கடனும் இதே காரணத்தால் கடினம். அடமானம் வைக்கத் தரை இல்லை, சில ஆண்டே மீதி இருக்கும் குத்தகையை நம்பி 20 ஆண்டுக் கடன் கொடுக்க எந்த வங்கியும் யோசிக்கும். இப்படிப்பட்ட மனையில் அடுக்குமாடி கட்டி ஒவ்வொரு வீடாக விற்கிறேன் என்று யாராவது சொன்னால், 'நிலத்தில் எனக்கு எத்தனை சதுர அடி பங்கு, அதைப் பதிவு செய்து தருவீர்களா?' என்ற ஒரு கேள்வியே போதும்.

கரூர் வெண்ணெய்மலை பாலசுப்பிரமணிய சுவாமி கோவில் நிலத்தில் அண்மை ஆண்டுகளில் நீதிமன்ற உத்தரவைத் தொடர்ந்து சீல் வைக்க அதிகாரிகள் போனபோது, மக்கள் சாலைக்கு வந்து போராடினார்கள். பணம் கொடுத்துத்தான் வாங்கினோம் என்று சொன்னவர்களும் அவர்களில் இருந்தார்கள். ஒரு நிலத்தின் மூல ஆவணத்தைப் பார்க்காமல் வாங்குவதன் விலை எவ்வளவு என்பதற்கு அது ஒரு பாடம்.

கோவில் தரப்பில் நியாயம் இல்லையா?

இருக்கிறது. யாரோ ஒருவர் தினசரி பூஜைக்கும், விளக்குக்கும், அன்னதானத்துக்கும் என்று எழுதிவைத்த நிலம் அது. அந்த வருமானம் நின்றால் எழுதிவைத்தவரின் நோக்கமும் நின்றுபோகும். ஒருகால பூஜைக்கே வழி இல்லாமல் இருக்கும் சின்னக் கோவிலுக்கு, மாதம் 50 ரூபாய் என்று உறைந்துபோன வாடகை ஒரு நாள் எண்ணெய்ச் செலவுக்குக் கூடக் காணாது. கோவில் மனையைக் குறைந்த வாடகைக்கு எடுத்து, அதைப் பல மடங்குக்கு உள்வாடகை விட்டவர்களும் உண்டு. ஏழையின் பெயரைச் சொல்லி லாபம் பார்த்தவர்கள் அவர்கள்.

2021 ஜூன் 7-ஆம் தேதி சென்னை உயர் நீதிமன்ற நீதிபதிகள் ஆர். மகாதேவன், பி.டி. ஆதிகேசவலு அமர்வு, கோவில்களையும் அவற்றின் சொத்துகளையும் காப்பதற்காக 75 உத்தரவுகளைப் பிறப்பித்தது. அதே ஆண்டில் அறநிலையத் துறை கோவில் நில ஆவணங்களை இணையத்தில் ஏற்றத் தொடங்கியது. வாடகையை இணைய வழியில் கட்டும் வசதியும் வந்தது. கணக்கு வெளிச்சத்துக்கு வருவது கோவிலுக்கு மட்டும் இல்லை, ஒழுங்காக வாடகை கட்டுபவருக்கும் நல்லதுதான்.

லண்டனில் ஒரு மாதிரி, சிங்கப்பூரில் ஒரு மாதிரி

தூத்துக்குடிப் பக்கத்துக் குடும்பங்களில் சிங்கப்பூரிலோ லண்டனிலோ ஒரு உறவினர் இருப்பது சாதாரணம். அவர்களில் பலர் குடியிருக்கும் அடுக்குமாடி வீடும் குத்தகை வீடுதான்.

இங்கிலாந்தில் அடுக்குமாடி வீடுகள் பெரும்பாலும் நீண்டகாலக் குத்தகையில்தான் விற்கப்படுகின்றன. அங்கே குத்தகையை நீட்டிப்பது சட்டம் கொடுத்த உரிமை. அதற்கான விலையைக் கட்டினால் நில உரிமையாளர் மறுக்க முடியாது. 90 ஆண்டு கூடுதலாகக் கிடைத்துவந்த நீட்டிப்பை 990 ஆண்டாக மாற்றும் சட்டம் 2024 மே மாதம் நிறைவேறியது. அதன் பகுதிகள் படிப்படியாகத்தான் நடைமுறைக்கு வருகின்றன. வீடு வாங்கி 2 ஆண்டு காத்திருந்த பிறகே நீட்டிப்புக் கேட்க முடியும் என்ற விதி 2025 ஜனவரி 31-இல் நீக்கப்பட்டது.

சிங்கப்பூர் நேர் எதிர். அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீடுகள் 99 ஆண்டுக் குத்தகைக்கு விற்கப்படுகின்றன. காலம் முடிந்தால் வீடு அரசுக்குத் திரும்ப வேண்டும். கேலாங் லோரோங் 3-இல் 60 ஆண்டுக் குத்தகையில் இருந்த 191 தனியார் தொடர்வீடுகள், 2020 டிசம்பர் 31-இல் காலம் முடிந்ததும் இழப்பீடு இல்லாமல் அரசிடம் போயின. கடுமையான முடிவுதான். ஆனால் மூன்றரை ஆண்டுக்கு முன்பே, 2017 ஜூனில் அறிவித்துவிட்டார்கள். முடிவுத் தேதி எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

ஓர் இடத்தில் நீட்டிப்பு உறுதி. இன்னோர் இடத்தில் முடிவு உறுதி. தமிழ்நாட்டுக் கோவில் மனையில் இரண்டும் உறுதி இல்லை. சட்டத்தில் 5 ஆண்டு, வாழ்க்கையில் 50 ஆண்டு. இந்த இடைவெளியில்தான் குடும்பங்கள் வீடு கட்டி, பிள்ளைகளை வளர்த்து, கல்யாணம் முடித்துக்கொண்டிருக்கின்றன.

இப்போதே செய்ய வேண்டியவை

1. பழைய குத்தகை ஒப்பந்தத்தைத் தேடி எடுத்து, முடிவுத் தேதியைப் பார்க்க வேண்டும். முடிந்திருந்தால், நோட்டீஸ் வரும் வரை காத்திருக்காமல் புதுப்பிக்கக் கோரிக் கோவில் செயல் அலுவலரிடம் எழுத்துப்பூர்வமாக மனு கொடுத்து, ஒப்புகை வாங்கிக்கொள்ள வேண்டும்.

2. கோவிலின் சொத்துப் பதிவேட்டிலும் வாடகைக் கணக்கிலும் யார் பெயர் இருக்கிறது என்று கேட்க வேண்டும். இறந்துபோன தாத்தா பெயரில் இருந்தால், இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், நிலுவை இல்லாத ரசீதுகளோடு பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும்.

3. ஒவ்வொரு ரசீதையும் பத்திரப்படுத்த வேண்டும். கையெழுத்துத் துண்டுச் சீட்டு போதாது, கணினி ரசீதே கேட்க வேண்டும். அதில் 'வாடகை' என்று இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

4. வாடகை உயர்வு நோட்டீஸ் வந்த தேதியை உறையோடு குறித்து வைக்க வேண்டும். 30 நாள் கெடு அந்தத் தேதியில் இருந்துதான்.

5. வீட்டு வரி ரசீதும் மின் இணைப்பும் குடியிருப்பதற்குச் சான்று மட்டுமே. அவை நிலத்துக்கு உரிமை தராது.

6. ஒப்பந்தம் ஓராண்டுக்கு மேற்பட்டது என்றால் பதிவு செய்யப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பதிவு இல்லாத நீண்டகால ஒப்பந்தம் நீதிமன்றத்தில் நிற்பது கடினம்.

தேவாலயம், வக்ஃபு நிலங்களில் இருப்பவர்களுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. அவர்களுக்கு விதிகள் வேறு. ஆனால் ஒப்பந்தம், பெயர், ரசீது என்ற மூன்றும் அங்கேயும் அவசியம்.

மிஞ்சி நிற்கும் கேள்வி

இந்த விவகாரம் அரசியல் மேடைக்கு வரும்போது இரண்டு குரல்கள்தான் கேட்கின்றன. ஒன்று, 'எல்லோருக்கும் பட்டா கொடு'. மற்றது, 'எல்லோரையும் காலி செய்'. முதலாவது, நீதிமன்றத்தில் மறுபடி மறுபடி தோற்கிறது. இரண்டாவது, நடைமுறையில் ஆயிரக்கணக்கான வீடுகளை இடிப்பது. எந்தக் கோவிலுக்கும் அதனால் நாளைக்கே வருமானம் வந்துவிடாது.

நடுவில் ஒரு பாதை இருக்கிறது. அது சட்டத்துக்கு உள்ளேயே இருக்கிறது. 5 ஆண்டுக்கு மேற்பட்ட குத்தகையை ஆணையர் அனுமதிக்கலாம் என்றுதான் 34-ஆவது பிரிவு சொல்கிறதே தவிர, கூடவே கூடாது என்று சொல்லவில்லை. சொந்தமாக வீடு கட்டி, தானே குடியிருந்து, வாடகை ஒழுங்காகக் கட்டும் குடும்பத்துக்கு, பதிவு செய்யப்பட்ட நீண்டகாலக் குத்தகை கொடுத்து, வாடகை எந்த ஆண்டில் எவ்வளவு ஏறும் என்பதை முன்கூட்டியே எழுதிவைத்தால், நிலம் கோவிலிடமே இருக்கும். வருமானமும் தடையில்லாமல் வரும். உள்வாடகை விடும் இடைத்தரகரும், உண்மையாகக் குடியிருப்பவரும் ஒரே பட்டியலில் நிற்க வேண்டியது இருக்காது.

அப்படி ஒரு கொள்கை வரும் வரை, கோவில் மனையில் இருக்கும் ஒரு வீட்டின் பலம் அதன் சுவரிலோ, குடியிருந்த வருடங்களிலோ இல்லை. நடப்பில் இருக்கும் ஓர் ஒப்பந்தத்திலும், சரியான பெயரில் வெட்டிய ரசீதிலும்தான் இருக்கிறது.